ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

தம்பி அக்காவுக்கு
ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். கடிதத்தில் ‘நிற்க’ என்று ஒரு வார்த்தை எழுதுவார்களே, எனக்கு இப்போது நிற்கக்கூட நேரமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குரல் பூட்டு! சாவி கிடையாது, எண் கிடையாது. வாசலில் நின்று “நான்தான், திற” என்றால் போதும், கேட் திறந்துகொள்ளும். வீட்டு ஆட்களின் குரல் மட்டும்தான் அதற்குத் தெரியும். திருடன் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது. தங்க முலாம் பூசிப் பெரிய பெரிய பங்களாக்களுக்கு விற்கப்போகிறேன். அப்பா காலத்திலிருந்து செய்து செய்து அலுத்துப்போன பித்தளைப் பூட்டு லைனை ஜூன் மாதத்தோடு மூடிவிட்டு, தொழிற்சாலை முழுக்க இனி இதுதான்.

இதற்குப் பாங்க் கடன் வேண்டும். கடனுக்கு இயக்குநர்கள் ஐந்து பேரின் கையெழுத்தும் வேண்டும். அம்மா காலமான பிறகு அவள் நாற்காலி உனக்குத்தானே? ஆகவே மேடம், நீங்கள் இப்போது இயக்குநர்! என் மாமனார் போட்டுவிட்டார். வெளியாட்கள் இரண்டு பேர் சுயேச்சையாக இருக்க வேண்டும் என்று சட்டம். அதற்குத்தான் என்னோடு சீட்டாடும் டாக்டரும், காலையில் என்னோடு நடக்க வரும் பழைய பாங்க் மேனேஜரும் இருக்கிறார்கள். அவர்களும் போட்டாயிற்று. போர்டு மீட்டிங் மினிட்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீ ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அத்தானுக்கு என் வணக்கம்.

அவசரத்துடன்,
உன் தம்பி


அக்கா தம்பிக்கு
ஜனவரி 17

கடவுள் துணை.

அன்புள்ள பட்டாசுத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன், நடுவில் நாலு பேர் உன் அறைக்குள் வருவார்கள், “அப்புறம் கூப்பிடுறேன்க்கா” என்பாய். கடிதத்தில்தான் நான் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறது.

மினிட்ஸ் வந்தது. ஆபீஸ் பாஷை எனக்குப் பழக்கமில்லை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். நாலாம் தேதி பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகக் கூட்ட அறையில் ஐந்து பேரும் கூடினோம் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் நான் மொட்டை மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தேன். அதோடு விட்டதா? “இயக்குநர் அம்மையார் சில விளக்கங்கள் கேட்டு, தலைவரின் பதில்களில் முழுத் திருப்தி அடைந்தார்” என்று எழுதியிருக்கிறதே! நான் என்ன கேட்டேன், நீ என்ன சொன்னாய், எதில் எனக்கு அவ்வளவு திருப்தி வந்தது? தெரிந்துகொள்ள ரொம்ப ஆவலாக இருக்கிறேன்.

தம்பி, மளிகைக் கணக்கிலேயே நடக்காததை நடந்ததாக எழுத எனக்குக் கை வராது. இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம் பிரார்த்தனைக்கு எந்த முகத்தோடு உட்காருவது? காகிதங்களைக் கசங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா


தம்பி அக்காவுக்கு
ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். உன் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

அக்கா, எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான். மினிட்ஸை முதலில் டைப் அடிப்போம், பிறகு சுற்றுக்கு விடுவோம், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் என்பது காகிதத்தில் நடப்பது. அம்மா இத்தனை வருஷம் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டாள், அவள் என்ன பக்தி குறைந்தவளா?

இருந்தாலும் உன் மனசாட்சிக்காக மினிட்ஸைத் திருத்திவிட்டேன். இப்போது நீ கூட்டத்துக்கு வரவேயில்லை. “உடல்நலக் குறைவால் வர இயலாத இயக்குநர் அம்மையார், தம் ஒப்புதலைத் தெரிவித்திருந்தார்” என்று இருக்கிறது. போர்வை உலர்த்தும் வேலையும் கெடவில்லை, பார்! கையெழுத்து மட்டும் போதும். பிப்ரவரி கடைசிக்குள் பாங்க்குக்குப் போக வேண்டும்.

அத்தான் எப்படி இருக்கிறார்?

உன் தம்பி


அக்கா தம்பிக்கு
பிப்ரவரி 6

கடவுள் துணை.

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். எனக்கு உடல்நலக் குறைவு என்று நீ எழுதிய அன்று நான் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினேன். இல்லாத நோயைச் சொல்லி வரவழைக்காதே.

நான் வராததை எழுதிவிட்டாய், சரி. மற்ற நாலு பேர் வந்தார்களா? அவர்களும் வரவில்லைதானே? யாருமே வராத கூட்டத்துக்கு நான் மட்டும் காய்ச்சலால் வரவில்லை என்றால், பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

கூட்டத்தை நிஜமாகவே நடத்து. பஸ் ஏறி வருகிறேன். கேட்க எனக்கும் நாலு விஷயம் இருக்கிறது. ஜலதோஷம் பிடித்துக் குரல் மாறினால் பூட்டு என்ன செய்யும்? கரண்ட் போனால்? நன்றாக விற்கிற பித்தளைப் பூட்டை ஏன் மூட வேண்டும்? பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நன்றாகக் கவனி.

அத்தான் நலம். மழைக்கு முன்பு பின்பக்கக் கூரை ஓடுகளை மாற்ற வேண்டும், ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


தம்பி மனைவி அண்ணிக்கு
மார்ச் 3

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

இங்கே குழந்தைகள் நலம், நான் நலம், உங்கள் தம்பி மட்டும் அரைகுறை நலம். அண்ணனும் நீங்களும் சுகமா? உங்கள் தம்பி உங்களுக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது என்று தெரியும். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். “அக்கா என்னைப் பொய்யன்னு சொல்றா. ஊரே கையெழுத்துப் போடுது, கூடப் பொறந்தவ போட மாட்டேங்கிறா” என்று புலம்பல். பாங்க் இன்னும் இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறது. அதற்குள் ஐந்து கையெழுத்தும் போகாவிட்டால் கடன் இல்லை, குரல் பூட்டும் இல்லை.

நடுவில் ஒரு கூத்து. மாதிரிப் பூட்டைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசல் கதவில் மாட்டினார். மூன்றாம் நாள் அவருக்கே ஜலதோஷம். ஆபீஸிலிருந்து வந்து வாசலில் நின்று, “நான்தான், திற” என்கிறார். திறக்கவில்லை. “ஏய், நான்தான்!” என்கிறார். ம்ஹூம். நான் உள்ளேயிருந்து, “யாருங்க அது?” என்று கேட்டேன். “விளையாடாதடீ, தொண்டை கட்டியிருக்கு!” என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கடைசியில் என் அப்பா தெருமுனையிலிருந்து வந்து, சும்மா “என்ன மாப்ள?” என்று கேட்டார், டக்கென்று திறந்துவிட்டது! அப்பா குரலை அதில் ஏற்றவேயில்லை. அன்றைக்கு உங்கள் தம்பி சாப்பிடவில்லை.

அண்ணி, அவர் மோசமானவர் இல்லை. தூக்கத்தில்கூடப் புதுசு புதுசாக யோசிக்கிறவர். எதிரே இருந்து “கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். நான் சொன்னால், “உனக்கு என்ன தெரியும்” என்பார். உங்களுக்கு நிஜமாகவே அந்தப் பூட்டு பிடிக்கவில்லையா? என்னிடமாவது சொல்லுங்கள்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள்,
தம்பி வீட்டுக்காரி


அக்கா தம்பி மனைவிக்கு
மார்ச் 12

கடவுள் துணை.

என் கண்ணான தங்கைக்கு,

உன் கடிதம் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அந்தப் பூட்டு உன் புருஷனைவிட எனக்குத்தான் அதிகம் வேண்டும்.

உன் அண்ணனுக்குப் போன வருஷத்திலிருந்து விரல்கள் மடங்குவதில்லை. ஆயுசு முழுக்க டைப்ரைட்டரில் தட்டிய விரல்கள், இப்போது சட்டைப் பட்டனை நான் போட்டுவிடுகிறேன். வாசல் கேட்டின் சாவியை அவரால் திருப்ப முடியாது. ஒரு நாள் நான் வழிபாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், நல்ல வெயிலில் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கிறார், கையில் சாவி. பக்கத்து வீட்டுக்காரர், “என்ன சார், இங்க நிக்கிறீங்க?” என்று கேட்க, இவர், “சும்மா, காத்து வாங்குறேன்” என்கிறார். ஓர் இலைகூட அசையவில்லை அன்றைக்கு. நான் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தேன். அதற்குப் பிறகு நான் வெளியே போனால் அவர் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை.

தம்பியிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வாக்கு கொடுக்காமல் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் உன் புருஷன் என்ன செய்வான்? அடுத்த பஸ்ஸிலேயே ஒரு பூட்டோடு வந்து மாட்டிவிட்டு, “இப்போ போடுக்கா” என்று காகிதத்தை நீட்டுவான். நானும் போட்டுவிடுவேன். எனக்கு வேண்டிய பொருள் என்பதற்காக, நடக்காத கூட்டத்தில் திருப்தி அடைந்தேன் என்று எழுதிக் கொடுத்தவளாகிவிடுவேன். பித்தளைப் பூட்டு லைனில் வேலை செய்கிறவர்கள் ஜூனில் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்காமலே போய்விடும்.

கையெழுத்தும் போட முடியவில்லை, பூட்டு வராமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. கூட்டம் நடத்தச் சொல்லி நீ அவனிடம் மெல்லச் சொல்லு. சாப்பிடும்போது சொல்லாதே, சாப்பிட்ட பிறகு சொல்லு.

ஆசிகளுடன்,
அண்ணி


தம்பி அக்காவுக்கு
மார்ச் 29

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மையார் அவர்களுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறேன். வரும் ஏப்ரல் 10ஆம் தேதி காலை பத்தரை மணிக்குத் தலைமை அலுவலகக் கூட்ட அறையில் இயக்குநர் குழுக் கூட்டம் நடைபெறும். குரல் பூட்டுத் திட்டமும் அதற்கான கடனும் முடிவு செய்யப்படும். தவறாமல் கலந்துகொள்ளவும். வழிச்செலவைக் கம்பெனி ஏற்கும்.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்

மாடி அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். உனக்கு வேறு தலையணை ஒத்துக்கொள்ளாது, உன்னுடையதையே எடுத்துக்கொண்டு வா.


அக்கா தன் கணவருக்கு
ஏப்ரல் 11

கடவுள் துணை.

அன்புள்ள உங்களுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பால்காரரிடம் ஒரு சாவி கொடுத்து, கேட்டைத் திறந்து பாத்திரத்தை வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன், அதற்குள் நேற்றைய கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கூட்ட அறையைத் திறந்தால் உள்ளே கூட்டம் நடத்த இடமில்லை! தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். எல்லாம் பாட்டுப் பூட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பி கண்டுபிடித்தது. பூட்டும்போதெல்லாம் பாட்டுப் பாடுமாம். நடுச்சாமத்தில் ஒருவர் கடையைப் பூட்டினால் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும், யார் வாங்குவார்கள்? அதற்கும் எல்லோரும் ஏகமனதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெட்டிகளை நடைபாதையில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தோம். டாக்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஆறு வருஷமா டைரக்டரா இருக்கேன், இந்த ரூமை இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

தம்பி பேசினான். நன்றாகத்தான் பேசினான், குறை சொல்ல முடியாது. படம் காட்டினான், பூட்டைக் கையில் எடுத்து முத்தம் கொடுக்காத குறை. முடித்துவிட்டு, “அப்போ எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று காகிதத்தை எடுத்தான்.

நான், “ஒவ்வொருத்தரா சொல்லட்டுமே” என்றேன்.

தம்பியின் மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “மாப்ள, கோவிச்சுக்கக் கூடாது. நான் பொண்ணு குடுத்தவன், எதுக்கு வம்புன்னு இருந்தேன். பித்தளைப் பூட்டை மூடுறது எனக்குப் பிடிக்கல. இந்தப் பூட்டும் வேணாம். உங்க குரலுக்குத் திறக்கல, என் குரலுக்குத் திறந்துச்சு. இதை நம்பி நான் தூங்குவேனா?”

டாக்டர், “சீட்டுல உன்னை விடாம கவுக்குறேன், இங்க மட்டும் ஏன் வாயைத் திறக்கலன்னு எனக்கே தெரியலப்பா. தங்க முலாம் பூசின பூட்டைப் பாத்தா திருடன் பூட்டையே கழட்டிட்டுப் போயிடுவான். வேணாம்” என்றார்.

பாங்க்காரர் கடைசியாகச் சொல்கிறேன் என்று கை காட்டிவிட்டார். தம்பிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, “அக்கா, நீயும் வேணாம்தானே? சொல்லிடு” என்றான்.

“எனக்கு வேணும்” என்றேன். “பித்தளைப் பூட்டை மூட வேணாம். ஆனா இந்தப் பூட்டு வேணும்.”

தம்பி எழுந்து நின்றுவிட்டான். “அப்புறம் ஏன் மூணு மாசமா கையெழுத்துப் போடாம என் உசுர வாங்கின?”

“நடக்காத மீட்டிங்குக்கு எப்படிடா போடுறது? இப்ப நடக்குது, போடுறேன்.”

டாக்டருக்கு மறுபடியும் புரையேறியது. அப்போதுதான் பாங்க்காரர் தொண்டையைச் செருமினார். மேஜைக்கு அடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து மேலே வைத்தார். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு வருஷமா இப்படி. நடக்கும்போது பாக்கெட்டுல விட்டுக்குவேன், தம்பி கவனிச்சிருக்க மாட்டார். சாவியைத் துவாரத்துல விடுறதுக்குள்ள நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு முலாம் வேணாம், பங்களா கேட்டும் வேணாம். சாதாரணக் கதவுக்கு, ஜலதோஷம் பிடிச்சாலும் திறக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. என்னை மாதிரி ஆளுங்க வரிசையில நிப்பாங்க.”

“இதை ஏன் சார் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்றான் தம்பி.

“காலையில நடக்கும்போது நீங்கதானே பேசுவீங்க? பேப்பர்ல பெருக்கல் குறி போட்டுக் குடுப்பீங்க, கை நடுங்குறது தெரியாம வீட்டுல வச்சு மெதுவா கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.”

டாக்டருக்கு உடனே அவருடைய நோயாளிகள் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். மாமனார் தன் அண்ணனைச் சொன்னார். மத்தியானம் வரை ஒரே பேச்சு, மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். கடைசியில் பாங்க்காரர் ஒரு தீர்மானம் சொன்னார்: பித்தளை லைன் தொடரட்டும், கடன் கால் பங்கு போதும், முலாம் இல்லாமல் கொஞ்சம் பூட்டுகள் செய்து, கை முடியாதவர்கள் வீட்டில் மாட்டிப் பார்க்கலாம். நாலு பேர் கை தூக்கினோம். எதிராக ஒரே ஒரு கை, தம்பியுடையது. “என் கம்பெனியில நானே தோத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் என் பக்கம் உப்பை மட்டும் நகர்த்தி வைத்தான்.

உங்கள் விரல்களைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டும் என்று மட்டும் சொன்னேன், யாருக்கு என்று சொல்லவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் பாங்க்காரர் கையை எடுத்து மேஜைமேல் வைத்தாரே, அதற்காக அவரை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை. இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
உங்கள் மனைவி


தம்பி அக்காவுக்கு
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அத்தான் நலமா? கூட்டம் முடிந்து ஏழு வாரமாக எழுதவில்லை. ஒரு மாதம் கோபம், மிச்சம் வெட்கம்.

ராஜினாமாக் கடிதம்கூட எழுதினேன். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தால் போர்டுத் தலைவரும் நான்தான்! எனக்கு நானே கொடுத்து நானே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, பாங்க்காரரைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட மறுநாள் காலை நடக்கும்போதே என் யோசனைகளில் நாலைத் தட்டிக் கழித்துவிட்டார், மனிதர்!

டாக்டர் என்னைத் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஓரமாக உட்கார்ந்து வருகிறவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாட்டிலின் மூடியைத் திறக்க ஒருவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்ததும் அன்றைக்கே ஒன்பது புது யோசனை வந்தது. முன்பெல்லாம் வருவது எல்லாமே நல்ல யோசனை என்று நினைப்பேன். இப்போது அடுத்த கூட்டத்தில் இவர்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்து நானே ஐந்தைக் கழித்துவிட்டுப் போகிறேன். மீதி நாலுக்காகச் சண்டை போடுகிறேன். சண்டை நன்றாக இருக்கிறது அக்கா!

ஜலதோஷக் குரலும் இப்போது பூட்டுக்குப் புரிகிறது. மாமனாருக்குத் திறப்பதில்லை, அதில் அவருக்கு ஒரே வருத்தம். கரண்ட் போனால் உள்ளே ஒரு பாட்டரி. சோதித்துப் பார்க்க இருபது வீடு வேண்டும். உங்கள் ஊரில் கை முடியாதவர்கள் யாராவது உனக்குத் தெரியுமா?

உன் தம்பி


அத்தான் மச்சானுக்கு
ஜூன் 19

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நாடுவதும் அதுவே.

உங்கள் கடிதம் மேஜைமேல் இருந்தது. படித்தேன். எங்கள் கேட்டுக்கு ஒன்று அனுப்பவும். எனக்கு விரல் மடங்குவதில்லை. சாவி திருப்ப முடியவில்லை.

எழுத்து கோணலாக இருக்கும். இதை எழுத ஒரு காலை ஆகிவிட்டது. நான் எழுதுவது உங்கள் அக்காவுக்குத் தெரியாது.

அத்தான்


அக்கா தம்பிக்கு
செப்டம்பர் 21

கடவுள் துணை.

அன்புள்ள பட்டாசுத் தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க அவன் அருள் புரியட்டும். ஜூலையில் நீயே வேன் ஓட்டி வந்து, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எங்கள் கேட்டில் பூட்டை மாட்டிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாயே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாய். அது போதும்.

போன மாதக் கூட்டத்தின் மினிட்ஸ் வந்தது. அகராதி இல்லாமலே படித்தேன். என்ன நடந்ததோ அதுதான் எழுதியிருக்கிறது. அதிலும் அந்த ஐந்தாவது தீர்மானம். பூட்டு திறக்கும்போது “வாங்க, வாங்க” என்று பேச வேண்டும் என்று நீ கொண்டுவந்தது. “பூட்டு பூட்டா இருக்கட்டும், அதுக்கு எதுக்கு வாயி? பாட்டுப் பூட்டு பட்டது போதாதா?” என்று நான் சொன்னதைக்கூட அப்படியே போட்டிருக்கிறாய். ஆதரவு நாலு, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று நான். பாங்க்காரரும் உன் பக்கம் கை தூக்கியதை என்னால் தாங்கவே முடியவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் வழி முழுக்க உங்கள் நாலு பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், இப்போது மறைத்து என்ன பயன்? தோற்றால் எப்படி இருக்கும் என்று ஏப்ரலில் எனக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது.

பேசும் பூட்டை உன் ஆட்கள் போன வாரம் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள்.

உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து “ம்”, “சரி”, “பாக்கலாம்” என்ற மூன்றை வைத்தே என்னோடு குடும்பம் நடத்தியவர். இப்போது தினம் காலையும் மாலையும் வெளியே போகிறார். திரும்பி வந்து, “நான்தான், திற” என்கிறார். பூட்டு, “வாங்க, வாங்க” என்கிறது. இவர், “வந்துட்டேன், வந்துட்டேன்” என்கிறார். முதல் நாள் அதோடு முடிந்தது. இரண்டாம் நாள், “வெயில் ஜாஸ்தி” என்று அதனிடம் சொன்னார். நேற்று நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், கேட் திறந்து கிடக்கிறது, இவர் உள்ளே வராமல் வெளியே நின்று தபால் ஆபீஸ் வரிசையில் யார் யாரைத் தள்ளினார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

“யாரோட பேசிட்டு இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அது கூப்பிட்டுச்சு. மரியாதைக்கு ரெண்டு வார்த்தை சொன்னேன்” என்றார். பிறகு உள்ளே வந்து, மீதிக் கதையை என்னிடம் சொன்னார்.

ஆகவே தம்பி, பூட்டுக்கு வாய் வைத்தது சரிதான். நான் சொன்னது தப்பு. ஆனால் அதற்காக மினிட்ஸில் கை வைத்து எதையும் மாற்றிவிடாதே. அன்றைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மறவாத அன்புடன்,
அக்கா